பிரித்துப் போட்ட இரண்டு வரிசை

கடைசி டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, மேஸ்திரி பின்பக்கமாகவே தவழ்ந்து பாத்ரூமை விட்டு வெளியே வந்தார். வாசலில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டிய மட்டும், வாட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார். இரண்டு நாளைக்கு முன் நடந்ததை அவர் மறக்கவில்லை என்பது நீட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"நீங்களே பாத்துக்குங்க டெய்லரக்கா. அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது."

அவள் எட்டி எட்டி நாலு இடத்தில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஓட வேண்டிய வாட்டம் எல்லா இடத்திலும் இருந்தது. மேஸ்திரி வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையைச் சாத்தினார். நாளன்னைக்குக் காலையில் வருவதாகவும், அதுவரைக்கும் பூனைகூட உள்ளே கால் வைக்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

பழைய தரை அம்மாவை இரண்டு முறை கீழே தள்ளியிருந்தது. முதல் முறை முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அம்மாவும் பெண்ணும் கூட்டுச் சேர்ந்து அதைத் தம்பியிடம் மறைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை மணிக்கட்டு பிசகியது. கட்டுப் போட்ட கையை எங்கே கொண்டுபோய் மறைப்பது? தம்பி வந்தான். அந்தப் பளபளத் தரையில் ஒருமுறை சறுக்கியே காட்டிவிட்டு, இனிமேல் அம்மா தன் வீட்டில்தான் இருப்பாள் என்றான். அவன் வீடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவள் கெஞ்சவில்லை, சண்டை போட்டாள். கடைசியில் தரையை மாற்றிவிட்டால் அம்மா இங்கேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று. வேலை நடக்கிற நாலு நாள் மட்டும் அங்கே.

அவளுக்கு ஐம்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு தையல் மெஷின், ஒரு அம்மா. அந்த அம்மாவையும் விட்டுக்கொடுத்துவிட்டு அவள் காலையில் எழுந்து யாரோடு மல்லுக்கட்டுவாள்?

அதனால் தரை விஷயத்தில் அவள் யாரையும் நம்பவில்லை. கடைக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு டைல்ஸிலும் சோப்புத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் தேய்த்துப் பார்த்தாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், கடைசியில் துடைப்பதற்குத் துணி கொண்டுவந்து கொடுத்தார். மினுமினுப்பில்லாத, உள்ளங்கை அகலச் சின்ன டைல்ஸ் ஒன்று தேறியது. சின்னதாக இருந்தால் சந்து நிறைய வரும், காலுக்குப் பிடிமானம் கிடைக்கும் என்று மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார்.

அம்மா திரும்பி வர வேண்டிய நாலாம் நாள் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதுதான் வந்தது வினை. எல்லாத் தண்ணீரும் ஓடிப்போய், குழாய்க்குக் கீழே மூலையில் மட்டும் ஒரு கை அளவுக்கு நின்றது. துணியால் ஒற்றி எடுத்தால் போச்சு என்றார் மேஸ்திரி. அவளால் அப்படி விட முடியாது. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைத்தே பழகிய கை. இரண்டு வரிசையைப் பெயர்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெயர்த்தார். மறுபடி போட இரண்டு நாள், காய இரண்டு நாள் பிடிக்கும்.

அன்று அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"தண்ணி நின்னா நின்னுட்டுப் போகுது. நான் கிளம்பி வந்துடறேன்டி."

"நாலே நாள்மா. வந்து நீயே பாரு, எப்படி இருக்குன்னு."

"சரி," என்றாள் அம்மா. அம்மா இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொன்னதில்லை.

மேஸ்திரி போன பிறகு அவள் சிமெண்டுத் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தம்பி.

"அம்மா போயிட்டாங்கக்கா."

"வழுக்கிட்டாங்களா?" என்றுதான் அவளுக்கு முதலில் கேட்க வந்தது.

"இல்லக்கா. சாப்பிட்டுட்டு நாற்காலில உக்காந்திருந்தாங்க. டீ குடுக்கப் போனா..."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது விழுந்தது. எடுத்து மறுபடியும் சாய்த்து வைத்தாள். அப்புறம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

தம்பி வீட்டில் கூடியிருந்தவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் தம்பியின் ஆபீஸ்காரர்கள், அக்கம்பக்கத்தார். இவள் யார் என்று ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டது அவள் காதில் விழுந்தது. அம்மாவின் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி.

அம்மாவை நம் வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்று அவள் தம்பியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அங்க எங்கக்கா குளிப்பாட்டுறது? ஒன்றரை நாளைக்குக் கால் வைக்கக் கூடாதுன்னு வந்ததும் நீதானே சொன்ன?"

அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான். அவன்மேல் கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவளும் தம்பி மனைவியும் சேர்ந்து அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். தம்பி மனைவி நல்லவள். முதுகைத் தேய்க்கும்போது கையை அழுத்தாமல் தேய்த்தாள். தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு நாளாக் குளிக்கவே மாட்டேன்னுட்டாங்க அண்ணி. துணிய நனைச்சு மேலத் தொடச்சுக்கிட்டதோட சரி. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். எங்க வீட்டுக்குப் போய்த்தான் குளிப்பேன், எம் பொண்ணு தரை போட்டு வச்சிருக்கான்னு..."

அவள் செம்பிலிருந்த தண்ணீரை அம்மாவின் தோளில் ஊற்றினாள். மறுபடி மொண்டு ஊற்றினாள். இரண்டு வரிசை, ஒரு கை அளவுத் தண்ணீர். அதை விட்டிருந்தால் அம்மா அந்த நாலாம் நாளே வீட்டுக்கு வந்திருப்பாள், குளித்திருப்பாள், தண்ணீர் நிற்கிறதே என்று அவளைத் திட்டியும் இருப்பாள். தையலைப் பிரிக்கலாம், டைல்ஸைப் பெயர்க்கலாம். இந்த இரண்டு நாளை என்ன செய்வது? தம்பி மனைவி துண்டை எடுத்துக் கொடுக்கும்வரை அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. தம்பி அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கொஞ்ச நாள் இங்கேயே இருந்துவிட்டுப் போகலாமே என்று தம்பி கூப்பிட்டான். தனியாக அங்கே என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்டான்.

"காலைல மேஸ்திரி வருவார்டா. சந்தெல்லாம் பூசணும்."

"இனிமே எதுக்குக்கா அது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பஸ் ஏற்றிவிட வந்தான்.

காலையில் மேஸ்திரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்பே இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு சொட்டு நிற்கவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது. பெயர்க்கச் சொன்னபோது கோபம்தான் வந்தது, ஆனால் அக்கா சொன்னதுதான் சரி என்று வாய்விட்டே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். சந்துகளுக்குப் பூச்சுப் போட்டு முடித்துத் துடைத்துவிட்டு, அவர் பையிலிருந்து ஒரு கைப்பிடிக் கம்பியை எடுத்தார்.

"அம்மா வந்துட்டாங்களாக்கா? ஒரு நிமிஷம் வந்து நிக்கச் சொல்லுங்க. அவங்க கை வச்சாத்தான் உயரம் தெரியும்."

அவள் அவரைப் பார்த்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் நிக்கறேன்," என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தரை சொரசொரவென்று காலைப் பிடித்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். முதுகை வளைத்தாள், வலது தோளைத் தாழ்த்தினாள். முப்பது வருஷமாக அளவெடுத்த உடம்பு அது. குளிக்கிற ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கும்போது அம்மா எந்தப் பக்கம் சாய்வாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் சாய்ந்து கையைச் சுவரில் வைத்தாள். கொஞ்சம் கீழே இறக்கி வைத்தாள்.

"இவ்வளவு கீழயா?"

"ஆமா. குளிச்சிட்டு எந்திரிக்கும்போது இவ்வளவுதான் எட்டும்."

மேஸ்திரி பென்சிலால் அவள் கைக்கு மேலேயும் கீழேயும் கோடு போட்டார்.

"எதுக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாக்கா?"

"சரியா இருக்கும்," என்றாள் அவள், நிமிராமலேயே.