டார்கஸுக்கு வராத நடுக்கம்

டார்கஸ் வீட்டு அடுக்களையில்தான் நண்பர்கள் கூடுவார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் நண்பர்கள். ஊர் வைத்த பெயர் நடுங்கிகள். பாதிரி கிடையாது, பாட்டு கிடையாது. பெஞ்சுகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளே ஒளி இறங்கி உடம்பு உதறுகிறதோ, அவர் எழுந்து பேசலாம். ஆணா பெண்ணா, எஜமானியா வேலைக்காரியா என்று யாரும் பார்ப்பதில்லை. மன்னரின் தலையையே வெட்டிப் போட்டுவிட்ட நாடு அது. இனி யாருக்கு யார் எஜமான் என்று தெருவில் போகிறவன்கூடக் கேட்டுக்கொண்டிருந்தான்.

டார்கஸுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு சின்ன உதறல்கூட வரவில்லை. பெஞ்சு அவளுடையது. அடுப்பில் எரிகிற விறகு அவளுடையது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வளைத்துக் கட்டித் தின்கிற ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவளுடையவை. ஒளி மட்டும் அவளைத் தாண்டிப் போய் ஜெனெட்டின்மேல் இறங்கியது.

ஜெனெட் அவள் வீட்டில் பால் கறக்கிற பெண். போன அறுவடைக்குத்தான் வேலைக்கு வந்தாள். அதற்குள் வாரம் தவறாமல் நடுங்கினாள். அவள் எழுந்து பேசினால் தாடி நரைத்த கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அந்தப் பொண்ணு பேசினா நெஞ்சே கரையுது" என்று புருஷன் மைல்ஸ் சொன்ன அன்று, டார்கஸ் அவன் கஞ்சியில் உப்பே போடவில்லை. கடவுள் முன் எல்லோரும் சமம் என்பதால் நண்பர்கள் யாரையும் 'நீங்க' என்பதில்லை. ஜெனெட்டும் கூசாமல், "டார்கஸ், தயிர்ப்பானையக் கழுவிட்டியா?" என்பாள். கொள்கை நல்ல கொள்கைதான். ஆனாலும் டார்கஸுக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனெட் ஊர் சர்ச்சுக்கே போய்விட்டாள். பாதிரி பிரசங்கத்தில் முழங்கிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து நின்றாள்.

"கடவுளைக் கூவிக்கூவி விக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

சர்ச்சே எழுந்து கத்தியது. அந்தத் தள்ளுமுள்ளில் அவள் நழுவி வீடு வந்து சேர்ந்தாள். முக்காட்டுக்குள் இருந்த முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மைல்ஸ் வீட்டுப் பொம்பளை என்று மட்டும் காவலனிடம் போய்ச் சொன்னார்கள்.

மறுநாள் காவலன் தடியோடு வந்து நின்றான். நண்பர்கள் சிலர் அடுக்களையில் இருந்தார்கள். ஜெனெட் தொழுவத்தில் இருந்தாள்.

"நேத்து சர்ச்சுல கத்தினது யாரு?"

டார்கஸுக்கு எல்லாம் கண்முன்னே ஓடியது. சிறைக் கொட்டடி, அதன் கம்பி ஜன்னல், கீழே நின்று அழுகிற நண்பர்கள், அடுத்த ஊர்க் கூட்டங்களிலெல்லாம் சொல்லப்படப் போகிற ஜெனெட்டின் பெயர். இதுவும் அவளுக்குத்தானா? நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது.

"நான்தான்" என்றாள்.

உயிரே போனாலும் பொய் சொல்லாதவர்கள் நண்பர்கள். மைல்ஸ் திறந்த வாயை மூடவில்லை.

"நீங்களாம்மா? இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றான் காவலன்.

"தேவைதான். நட."

கொட்டடியில் வைக்கோல் நனைந்து நாறியது. எலிகள் காலில் ஏறின. டார்கஸ் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நண்பர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள், அழவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னது வேறு.

"பொய் சொன்னது தப்புதான், டார்கஸ். ஆனா அந்தப் பொண்ணுமேல உனக்கு எம்புட்டுப் பாசம்!"

பாசமாம்! அதைக் கேட்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இனிக்கவும் செய்தது. சவுக்கடி கிடைக்குமோ என்றுகூட அவள் பயப்படவில்லை. விட்டுவிடுவார்களோ என்றுதான் பயந்தாள். ஜெனெட் ஒரு பொய்யைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.

பயந்தபடியேதான் நடந்தது. காவலன் கதவைத் திறந்தான்.

"கிளம்புங்க. நெசமாக் கத்தினவ தானே வந்து நீதிபதிகிட்ட ஒப்புக்கிட்டா."

"நான் வரல. என்னை இங்கயே விடு."

"நல்லா இருக்கே கதை! ஜெயிலுக்கு அடிச்சிக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

அவனுக்குப் பின்னால் ஜெனெட் நின்றாள். ஓடி வந்து டார்கஸைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காக இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

காவலன் டார்கஸை வெளியே அனுப்பி, ஜெனெட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான்.

தெருவில் நண்பர்கள் காத்திருந்தார்கள். அவளைச் சுற்றி நின்று மௌனமானார்கள். எல்லோர் கண்ணும் அவள்மேல். அவள் பேசுவதற்காக அவர்கள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அழகான பேச்சு ஒன்று அவளிடம் தயாராகவே இருந்தது. ஜெனெட் எனக்கு மகள் மாதிரி என்று ஆரம்பிக்கிற பேச்சு. வாயைத் திறந்தாள்.

"பாசமெல்லாம் இல்ல" என்றாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "பொறாமை. அவமேல எனக்குப் பொறாமை. அவளுக்குக் கெடைக்கக் கூடாதுன்னுதான்..."

அதே நொடியில் கம்பி ஜன்னலிலிருந்து ஜெனெட்டின் குரல் எழுந்தது. என்றும் இல்லாத அளவுக்குத் தெளிவான, இனிமையான குரல். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. ஒரு கிழவர் முழங்காலிட்டார். மைல்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டார்கஸுக்கு முழங்கால் ஆட ஆரம்பித்தது. பிறகு கைகள், பிறகு பல். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உதறியது. பிடித்துக்கொள்ளச் சுவர்கூட இல்லாமல் நடுத்தெருவில், அத்தனை முதுகுகளுக்கும் பின்னால், அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள்.