முருகையா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தது

முருகையாவின் இதயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோனது. செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எண்ணெய் ஆலை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியவர், இறங்கிய கையோடு கீழே சாய்ந்தார். மருத்துவமனையில் நெஞ்சை அமுக்கி, மின்சாரம் வைத்து, சில நிமிடங்களில் அதைத் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். அந்தச் சில நிமிடம், செய்தி கோல சிலாங்கூர் வந்து சேர்வதற்குள் அரை மணி நேரமாகிவிட்டது. உலு யாமில் இருந்த சொந்தக்காரர்கள் காதுக்குப் போனபோது, பிணவறையில் படுக்க வைத்துக் காலில் அட்டை கட்டிய பிறகு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார் என்று ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தவரிடம் நெஞ்சு வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னுமாக வந்து உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

முருகையா உள்ளதைச் சொன்னார். லோரிக் கதவைச் சாத்தியது ஞாபகம் இருக்கிறது. அடுத்தபடி தாதி ஒருத்தி மலாயில் பெயர் கேட்டது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை. இருட்டு என்றால் அதைப் பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டுமே, அந்த ஆளே இல்லை.

வந்தவர்கள் முகம், கல்யாண வீட்டில் பிரியாணி தீர்ந்துவிட்டது என்று கேட்டவர்கள் முகம் மாதிரி ஆனது. அவ்வளவு தூரம் போனவர் கண்ணை மூடிக்கொண்டா போய் வந்தார் என்று ஒரு பெண் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அவர் மனைவி கங்காவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. மருத்துவமனை வராந்தாவில் அவள் அம்மனிடம் அழுது மன்றாடித் திரும்ப வாங்கி வந்த உயிர் அது. அம்மனைப் பார்க்காமலா வந்திருப்பார்? நன்றாக யோசித்துப் பாருங்கள், ஒரு வெளிச்சமாவது தெரிந்திருக்கும் என்று சோறு போடும்போதும் மாத்திரை கொடுக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் முருகையா, ஆமாம், ஏதோ வெளிச்சம் மாதிரி இருந்தது என்றார். வார்டின் டியூப்லைட்டைத்தான் சொன்னார். அதைச் சொல்ல அவள் நேரம் கொடுக்கவில்லை.

மறுநாளே கெர்லிங்கிலிருந்து அவளுடைய தம்பி வாசு காரை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் தியான வகுப்பு நடத்துகிறவன். "மாமா, அது டனல். சுரங்கம், அதுக்குக் கடைசியில வெளிச்சம்னு வெள்ளைக்காரனே எழுதி வெச்சிருக்கான்," என்று சொல்லி, கைப்பேசியை நீட்டி நேரலையில் போட்டுவிட்டான். எஸ்டேட் கோயில் தலைவர் நல்லசாமி விடுவாரா? வெளிச்சம் டனலில் வராது, அம்மன் மூக்குத்தியில்தான் வரும் என்று அவர் அடித்துச் சொன்னார். இருவரும் முருகையாவின் சோபாவில் உட்கார்ந்து, முருகையா எங்கே போனார் என்று அவரைக் கேட்காமலேயே ஒரு மணி நேரம் வாதாடினார்கள்.

மூலைச் சாப்பாட்டுக் கடை மதார் சாகிபு மட்டும் தேநீரை ஆற்றி வைத்தபடி சொன்னார்: "எங்கள்ல செத்தா கபுருக் குழிக்குள்ள கேள்வி கேப்பாங்க. உங்கள்ல செத்துத் திரும்பி வந்தாதான் கேப்பாங்க போல லா."

பிறகு செத்தவர்களை விசாரிக்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள். அப்பாவைப் பார்த்தீர்களா, மாமியாரைப் பார்த்தீர்களா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இல்லை என்று சொல்ல முருகையாவுக்கு வாய் வரவில்லை. நல்லாத்தான் இருக்காங்க, கால் வலி போயிடுச்சாம் என்பார். செத்தவர்களுக்குக் கால் வலி போயிருக்கும் என்பதில் பொய் ஒன்றும் இல்லையே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். சபாக்கிலிருந்து வேன் பிடித்துக்கூட வந்தார்கள். கங்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். முருகையாவுக்கும் அது பிடிக்காமல் இல்லை. நாற்பது வருஷம் லோரி ஓட்டியபோது அவர் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்ட ஆள் ஒருவரும் கிடையாது. ஒரு தடவை செத்தால் போதும் போலிருக்கிறது, மனிதனுக்கு மரியாதை வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ரமணி வந்தாள். எஸ்டேட்டில் லயத்து வரிசை வீடுகள் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் சன்னாசி அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தான். குடிப்பான், அடிப்பான். அவள் இடது கை இன்றும் முழுதாக நீளாது. அவன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியும், வருஷா வருஷம் ஆட்டிறைச்சியும் பீரும் வைத்துப் படையல் போடுகிறாள். போடாவிட்டால் ஆவி வீட்டைச் சுற்றும் என்று நல்லசாமி சொல்லி வைத்திருந்தார்.

"அண்ணே, அங்க என் வீட்டுக்காரரப் பாத்தீங்களா?"

முருகையா வழக்கமான பாட்டை எடுத்தார். பார்த்தேன், நன்றாக இருக்கிறார், உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரமணியின் முகம் வெளிறிப்போனது. தேநீர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்னையத்தான் கேக்குறாரா," என்றாள். "செத்தப்புறமாச்சும் தனியா இருக்கலாம்னு பாத்தேண்ணே. அங்கயும் அந்த மனுசன் காத்துக்கிட்டு இருக்காரா?"

இத்தனை நாள் ஆறுதல் என்று நினைத்து முருகையா கொடுத்ததெல்லாம் ஒரே மாதிரி மாத்திரை. இவளுக்கு அது விஷம். கங்கா அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ரமணி, நான் யாரையும் பாக்கல. அங்க ஒண்ணுமே இல்ல. வாய்க்கு வந்ததச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"சன்னாசி இல்லையா?"

"சன்னாசியும் இல்ல, நானும் இல்ல. தூங்குறப்ப கனவு வராம இருக்கும் பாரு, அதுகூட இல்ல."

ரமணி குவளையை எடுத்து, ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவர் சொன்ன எந்த சொர்க்கத்தைக் கேட்டும் யாருக்கும் அப்படி ஒரு நிம்மதி முகத்தில் வந்ததில்லை. போகும்போது படியில் நின்று, நல்லா இருங்கண்ணே என்று கும்பிட்டாள்.

முருகையாவுக்கு அதன் பிறகு பொய் வரவில்லை. ஆடித் திருவிழாவில் நல்லசாமி அவரை மேடையேற்றி, மாலை போட்டு, அம்மன் சன்னிதானத்துக்கே நேரில் சென்று மீண்டவர் என்று ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்தார். முருகையா மைக்கைப் பிடித்து, நான் ஒன்றும் பார்க்கவில்லை, இதுவரை சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நல்லசாமி மைக்கை வாங்கினார். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மன் வாயைக் கட்டிவிட்டாள், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு பேருக்கு அருள் வந்தது. வாசு மேடைக்குப் பின்னால் ஓடி வந்து மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒன்றுமில்லை என்பதுதான் சூன்ய நிலை, இதற்குத்தான் யோகிகள் ஆயுசு பூராவும் உட்காருகிறார்கள், மாமா லோரியை விட்டு இறங்கும்போதே அடைந்துவிட்டார் என்று அன்றைக்கே நேரலையில் பேசினான். மறுநாள் வீட்டு வாசலில் கூட்டம் முன்னைவிட அதிகமாக இருந்தது. கங்கா வாடகைக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

அந்த வருஷம் ரமணி படையல் போடவில்லை. சன்னாசியின் திதியன்று தங்கையுடன் பஸ் ஏறிக் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தாள். ஆவி வரும் என்று கோயில்காரர்கள் பயமுறுத்தியதற்கு, வந்தால் கதவு சாத்தியிருக்கு என்று சொல்லுங்கள் என்றாளாம்.

மழைக்காலத்தில் நல்லசாமிக்கு நெஞ்சில் அடைப்பு என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை, முருகையாவைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், பச்சைச் சட்டைக்குள் மனுஷன் பாதியாகியிருந்தார். மகனை வெளியே அனுப்பிவிட்டு முருகையாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அன்னைக்கு மேடையில சொன்னது நெசமா?"

பழி வாங்க வேண்டும் என்றால் இதுதான் நேரம். ஆனால் அந்தக் கை பிடியை விடவில்லை. இந்த ஆளுக்குப் பொய் சொல்வதா, உண்மை சொல்வதா என்று முருகையா யோசித்தார். ஊரிலேயே அவர் சொன்ன உண்மையை நம்பியவர்கள் இரண்டே பேர். அதில் இவர் ஒருவர். ஏமாற்ற மனசு வரவில்லை.

"நெசந்தான் தலைவரே. ஒண்ணும் இல்ல. வலியும் இல்ல."

நல்லசாமி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாருமே இருக்க மாட்டாங்களா? வரவேற்க, கிரவேற்க?"

"நீங்களே இருக்க மாட்டீங்க. அப்புறம் யார வரவேற்கிறது?"

தன்னைத் தலைவரே என்று கூப்பிட ஓர் ஆள் இல்லாத இடம் இருக்கும் என்பதை நல்லசாமியால் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முருகையா போர்வையை இழுத்துவிட்டு, அவர் தூங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து, மூக்குக் குழாயை எடுத்ததும் நல்லசாமி பேசிய முதல் பேச்சு, அம்மனைப் பார்த்தேன் என்பதுதான். தங்கச் சிம்மாசனம், இரண்டு பக்கமும் கவரி வீசும் பெண்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததாம். உட்காரு நல்லசாமி என்று அம்மனே சொன்னாளாம். ஆலயத் திருப்பணி பாக்கி இருக்கிறது தாயே, முடித்துவிட்டு வருகிறேன் என்று இவர்தான் கேட்டுக்கொண்டு திரும்பினாராம்.

சபாக் வேன் இப்போது நல்லசாமி வீட்டு வாசலில் நிற்கிறது. வாசுவும் அங்கேதான் கைப்பேசியை நீட்டுகிறான். கங்கா, இவ்வளவு தூரம் போய்விட்டு வந்த ஆளுக்கு ஒரு நாற்காலியைக்கூடப் பார்த்து வைக்கத் தெரியவில்லையே என்று புருஷனைத்தான் திட்டினாள்.

முருகையா வாடகை நாற்காலிகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, ஆளில்லாத கூடத்தில் காலை நீட்டிப் படுத்தார். வெகு நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது.