நீலக்கோட்டின் மேல் ஒரு வீடு

நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர், தங்கை வீட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

“நல்லவேளை, மீட்டர் பெட்டி உயரத்துல இருக்குண்ணே,” என்று அவள்தான் அவரைத் தேற்றினாள். “மூணு வருஷமா இதே கூத்து. எங்கேருந்துதான் வருதோ!”

அவருக்குத் தெரியும். மனை வாங்குமுன் அவள் அவரிடம்தான் கேட்டாள். அவரும் பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தார். வீடுகள் முளைக்காத காலத்தில் அளந்தது. மணல்மேடு, சதுப்பு, நாலைந்து குடிசை, கடலை நோக்கி வளைந்திறங்கும் ஒரு நீலக்கோடு. மனை சரியாக அந்தக் கோட்டின்மேல் இருந்தது. ஓடை எப்போதோ தூர்ந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். உண்மையில், பதினாறு வருடம் வாடகை வீடுகளில் அல்லாடியவளின் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. “தாராளமா வாங்கு,” என்றார். முதல் வெள்ளத்திலும் சொல்லவில்லை, இரண்டாவதிலும் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வரைபட நகலோடு போனார். சமையல் மேடையில் விரித்து, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் விரல் கோட்டோடு நகர்ந்தது. “அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“புள்ளைங்கள இங்கதானே படுக்க வெச்சேன்.”

துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள். அவர் கை நீட்டினார், கொடுக்கவில்லை. வாசல்வரை தள்ளிவிட்டுத்தான் திரும்பினாள்.

“இந்தக் கோட்டுமேல எத்தனை வீடு?”

“பதினொண்ணு.”

“எல்லார்கிட்டயும் சொல்லு. தெரிஞ்சும் மறைச்சேன்னு அதையும் சேர்த்துச் சொல்லு. நானும் வரேன்.”

முதல் வீட்டு எலக்ட்ரீஷியன் சிரித்தார். “கடலைப் பார்த்த வீடுன்னாங்க. கடலே நம்மளப் பார்க்க வரும்னு யாருங்க சொன்னா!” அடுத்த வீட்டில் ஒரு அம்மா சிரிக்கவில்லை. “கூடப்பிறந்தவளுக்கே இப்படியா?” என்றாள். அவர் நின்று கேட்டுக்கொண்டார். ஐந்தாவது வீட்டில் நா வறண்டது. தங்கை தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள், முகம் பார்க்காமல்.

தெருவே திரண்டு நகராட்சிக்குப் போனது. ஒன்பது மாதம் அலைந்தபின் பழைய ஓடை வழியே கால்வாய் வெட்டினார்கள். அதற்காகத் தங்கை வீட்டுக் குளியலறையை இடிக்க வேண்டியிருந்தது. அடுத்த மழைக்குத் தண்ணீர் வாசலோடு நின்றது.

தங்கை அவரோடு பேச்சை நிறுத்தவில்லை. அவர் போனால் காபி தருவாள். ஆனால் மகளுக்கு வேலை கிடைத்து ஒப்பந்தத்தாள் வந்தபோது, அதைப் படித்துப் பார்க்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாள். அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.