அமைதியான இடம்

என் மகள் முட்டாள் இல்லை. ஈ பறந்தால் அதன் பின்னாலேயே பறந்துவிடுவாள், அவ்வளவுதான். டாக்டர் அதற்கு ஏடிஎச்டி என்று பெயர் சொல்லி, தேர்வெழுத அமைதியான தனி இடமும் கூடுதல் நேரமும் கொடுக்கச் சொன்னார். அதைப் பள்ளிக்கூடத்தின் காதில் ஏற்ற நான் நடையாய் நடந்தேன். பஸ் ஓட்டுகிறவள் நான். ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சாத ஆள் டிப்போவில் பாக்கியில்லை. இந்தக் கணக்குத் தேர்வில் தவறினால் அவள் அதே வகுப்பில் இன்னொரு வருடம் குப்பை கொட்ட வேண்டும். கடைசியில் தலைமையாசிரியை பெரிய மனது பண்ணினார்.

அப்படியும் தவறிவிட்டாள்.

"நீங்க கேட்டதெல்லாம் செஞ்சாச்சும்மா. பாதிப் பேப்பர் காலியா இருக்கு. இது வியாதி இல்ல, சோம்பேறித்தனம்" என்றார் தலைமையாசிரியை.

"எங்க உக்கார வெச்சீங்க?"

"ஸ்டாஃப் ரூம்லதான். டீச்சருங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு."

போய்ப் பார்த்தேன். ஜெராக்ஸ் மிஷினுக்கும் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலுக்கும் நடுவில் ஒரு மேசை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக ஆசிரியைகள். அந்த இடத்தில் எனக்கே இரண்டாம் வாய்ப்பாடு மறந்துபோகும். நேராகத் தலைமையாசிரியையிடம் திரும்பி வந்தேன்.

"இன்னொரு தடவை எழுத விடுங்க மேடம். நிஜமாவே அமைதியான இடத்துல."

"சலுகை ஒரு தடவைதாம்மா. உங்க பொண்ணு ஒருத்திக்காக ரூலை மாத்த முடியுமா?"

கத்தினேன். கத்தி என்ன, வாட்ச்மேன் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

வீட்டில் மகள் ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க அவ்ளோ சத்தம்னு ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ திரும்ப ஸ்கூலுக்கு வந்து சண்டை போடுவே."

"மிஷின் சத்தமா? போனா?"

"அதெல்லாம் பரவால்லம்மா. என்னைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. நான் அங்கயேதான் இருந்தேன்."

"என்ன பேசினாங்க?"

"பம்பரத்துக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா டைம், இன்னும் கொஞ்ச நேரம் சுத்தவான்னு கணக்கு டீச்சர் கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"நானும் சிரிச்சேன்மா. அதுக்கப்புறம் ஒரு கணக்கும் வரல."