மாப்பிள்ளைக்கு விழுந்த உதை

எங்கள் ஹோட்டலில் ரூம்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. யாரும் அதை அதட்டக் கூடாது, வழிவிட்டு ஒதுங்க வேண்டும், அது கொஞ்சம் முனகினாலும் மேனேஜர் ஓடி வருவார். அதைத் துடைத்து, சார்ஜ் போட்டு, கூடவே நடக்கிற வேலை என் புருஷனுக்கு. நான் ரூம் சுத்தம் செய்கிறவள்.

செவ்வாய்க்கிழமை, நானூற்று ஏழாம் ரூம்காரன், துண்டு ஈரமாக இருக்கிறதென்று என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். என் புருஷன் நாலடி தள்ளி மாப்பிள்ளையோடு நின்றிருந்தார். பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேலைய விட்டுடறேங்க," என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"பைத்தியமா உனக்கு? நீ நின்னுட்டா உன் இடத்துக்கும் ஒரு மெஷின வாங்கி நிறுத்திடுவாங்க. அப்புறம் நினைச்சாலும் திரும்பிப் போக முடியாது. கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கோ."

கிழிந்த உதட்டோடு எப்படிக் கடிப்பதென்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் போனேன். பாவம், அடிதடி தெரியாத மனுஷன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, அதே ஆள். காபி ஆறிவிட்டதாம். வாசலில் நின்ற மாப்பிள்ளையை எட்டி உதைத்தான். அது கவிழ்ந்து, முகம் மாதிரி இருந்த திரை நொறுங்கியது.

என் புருஷன் பாய்ந்தார். அவன் தலைமயிரைப் பிடித்து எதிரே இருந்த லிஃப்ட் கதவில் மோதினார். மறுபடியும் மோதினார். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, முகத்திலேயே குத்தினார். பல் ஒன்று தெறித்து என் காலருகே விழுந்தது. "கை வைப்பியாடா? இனிமே கை வைப்பியாடா?" என்று கத்தினார். காவலாளிகள் இரண்டு பேர் சேர்ந்துதான் பிரித்தெடுத்தார்கள். இப்படி அடிக்கத் தெரிந்தவரோடுதான் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவர் ரத்தக் கையோடு மண்டியிட்டு, மாப்பிள்ளையின் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினார்.

"இது உடைஞ்சா என் வேலை போயிடும்டி," என்றார்.

"நான் உடைஞ்சா என்னங்க போகும்?"

அவர் சில்லுகளைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

கீழே போய் மேனேஜரிடம் சாவியைக் கொடுத்து, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன். வீட்டுக்கும் வரமாட்டேன் என்பதை மட்டும் என் புருஷனிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.