பெயர் எழுதிய தேயிலை

நிர்வாகப் பிரிவின் ஹதானோ அம்மாள் விதிப் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். பிள்ளை இறந்தால் சம்பளத்தோடு ஐந்து நாள் துக்க விடுப்பு. பிள்ளை என்றால், அரசாங்கக் குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிள்ளை.

"உங்களுது ஏழு மாசத்துல வயித்துலயே தவறிடுச்சே, நிஷியுரா-சான். தகன அனுமதியிலகூட பேர் இல்ல பாருங்க. உங்க சொந்த விடுப்புல போட்டுக்கறேன். சம்பளம் குறையாது."

நிஷியுரா தெத்சுஜி சம்பளத்துக்காக வரவில்லை. படிவத்தில் 'மகள் மறைவு' என்று எழுதியிருந்தான். அவள் அதன்மேல் இரண்டு கோடு இழுத்தாள். திருத்தத்துக்கு, கையெழுத்துக்குப் பதிலாக, அவன் பெயர் முத்திரை வேண்டும். தன் கையாலேயே அழுத்திக் கொடுத்தான். 'சொந்தக் காரணம்' என்றாயிற்று.

வீட்டில் மனைவி மிச்சியோ பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆபீஸ்ல எட்டு வாரம் பிரசவ விடுப்பு குடுத்துட்டாங்க. அங்க நான் பெத்தவ. அப்ப நீங்க யாரு?"

அவன் துணியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது, தொழிற்சாலை வருகைப் பலகையில் அவன் பெயருக்கு நேராக 'விடுப்பு' என்று மட்டும் இருந்தது. குழந்தை பிறந்த பிறகு சொல்லலாம் என்று, மனைவி உண்டாகியிருந்ததைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

"வாங்க தொரை!" என்றான் பக்கத்து மேசை குராத்தா. "அஞ்சு நாளும் வெந்நீர் ஊத்துல ஊறினீங்களா? எங்க பலகாரப் பெட்டி?"

ஊருக்குப் போய் வந்தவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி.

தெத்சுஜி பையைத் திறந்தான். மிச்சியோ கட்டிக் கொடுத்த தேயிலைப் பொட்டலங்கள். துக்கம் விசாரித்தவர்களுக்குத் திருப்பிச் செய்யும் மரியாதை. கறுப்பு வெள்ளை முடிச்சு அச்சிட்ட தாள். அதில் வீட்டுப் பெயர்தான் இருக்க வேண்டும். அவளோ, பிறந்த சந்தோஷத்துக்குச் செய்வதுபோல, குழந்தையின் பெயரை எழுதியிருந்தாள்: நிஷியுரா ஷிஹோ.

"யாருங்க இது?" பொட்டலத்தை வாங்கிய குராத்தா பெயரைப் படித்துக் கேட்டான்.

"எம் பொண்ணு."

குராத்தாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "ஐயோ, நான் பாட்டுக்கு..."

"பலகையில அப்படித்தானே இருந்துச்சு."

கடைசிப் பொட்டலத்தை நிர்வாகப் பிரிவுக்குக் கொண்டுபோனான். ஹதானோ அம்மாள் எழுந்து நின்றாள்.

"நாங்க துக்கத்துக்குன்னு ஒண்ணும் குடுக்கலையே. இதை எப்படி வாங்கறது?"

"பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரை மெல்ல வாய்விட்டு வாசித்தாள். 'சொந்தக் காரணம்' என்று முத்திரை வைத்த படிவம் கோப்புக்குள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.