அந்தப் பக்கத்து ஏணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரயிலைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு பேன்ட் வழியாக. இடுப்பு இறுகிப்போன பேன்ட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். தையற்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க எழுதுறவருதானே? எனக்கு ஒரு லெட்டர் எழுதணும். ஒரு கம்பெனிக்கு. மரியாதையாவும் இருக்கணும், தப்பை ஒத்துக்கிட்ட மாதிரியும் இருக்கணும்" என்றார். லெட்டர் எழுதப் போனவன் கதையில் மாட்டிக்கொண்டேன்.

(பேன்ட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை வராது. கடைசிப் பக்கத்தில் அது திரும்பி வந்து ஏதாவது அர்த்தம் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, உலகெங்கும் உள்ள குட்டி ரயில் பிரியர்களின் இதயங்கள் ஒரே நேரத்தில்..."

அடித்துவிட்டேன். உலகெங்கும் உள்ள இதயங்களை நான் எங்கே கண்டேன்? நான் கேள்விப்பட்டது பதினான்கு பேரை. டயர் கடைக்கு மேலே இருக்கும் ஒரு அறையில் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்கள். எல்லாரும் வளர்ந்த ஆட்கள், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு மேசை. அதன் மேல் தண்டவாளம், பாலம், சிக்னல், தீக்குச்சி உயரத்தில் மரங்கள். மேசையைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் நகர முடியும். தொப்பை உள்ளவர்கள் உள்ளே வந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

நம் தையற்காரருக்கு அங்கே 'டேப்பு' என்று பெயர். கடையைச் சாத்திவிட்டு வரும்போதும் அளவு டேப்பு கழுத்திலேயே தொங்கும். எதன் அளவிலாவது தகராறு வந்தால் "டேப்பைக் கேளு" என்பார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, குட்டி ரயில் செய்யும் கம்பெனி ஒன்று புதிய அறிவிப்பு வெளியிட்டது. எண்ணெய் ஏற்றிச் செல்லும் பழைய மாதிரி டேங்கர் வேகனை, நூற்று அறுபதில் ஒரு பங்கு அளவில், அதாவது உங்கள் ஆள்காட்டி விரல் நீளத்தில், செய்யப் போகிறார்கள். பத்து வருடமாக இவர்கள் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்த வண்டி. சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். செய்தி வந்தபோது அவர் ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் வேலையாக இருந்தார். "வாயை மூடிடாதீங்க, ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பதின்மூன்று பேருக்கும் போன் போட்டார். நோயாளி சொன்ன சொல் தட்டாதவர்; இருபது நிமிடம் வாயைத் திறந்தபடியே கிடந்தார்.

சனிக்கிழமை வரை பொறுக்காமல் அன்று சாயந்திரமே எல்லாரும் அறையில் கூடிவிட்டார்கள். கம்பெனி அனுப்பிய சாம்பல் நிறப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"மூடியில நட்டு எத்தனைன்னு எண்ணுய்யா!"

"எட்டு!"

"எட்டேதான்யா!"

ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். தையற்காரர் சிரிக்கவில்லை. "ஏதாவது ஒரு பொருளுக்காக நீங்க பத்து வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை.

3

அந்தக் கொண்டாட்டத்தில் டாக்டர் கம்பெனியின் கடிதத்தை உரக்கப் படித்தார். இந்த வகை வேகனுக்குக் கிடைத்த ஒரே வரைபடம் இந்தச் சங்கத்தினுடையது. 'இருபுறமும் நேரில் அளந்தது' என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. வரைந்தவர் ஒருமுறை சரிபார்த்து மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சை வெட்டிவிடுவோம். வெட்டிய பிறகு மாற்ற முடியாது என்றது கடிதம்.

"நம்ம டேப்பு வரைஞ்சதுய்யா!"

முதுகில் தட்டினார்கள். அவர் சிரித்து வைத்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

ஏனென்றால், அவர் அளந்தது ஒரு பக்கத்தை மட்டும்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், உடைப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த கடைசி வேகன்களைப் பார்க்க ஒரு மத்தியானம் அனுமதி வாங்கிப் போனார். இந்தப் பக்கம் நடைபாதை. நீளம், உயரம், ஏணி, ஏணிக்கு எத்தனை படி, எல்லாம் அளந்தார். அந்தப் பக்கம் முள்ளும் பள்ளமும். அதற்குள் காவலாளி நேரமாகிவிட்டது என்று விரட்டினார். வீட்டுக்கு வந்து, தொழில் கற்றுக்கொடுத்த பழக்கத்தில், காகிதத்தை இரண்டாக மடித்தார். துணியை மடித்துப் போட்டு ஒரு பாதியை வரைந்து வெட்டினால் மறுபாதி தானாக வரும். "சட்டைக்கு முதுகை யாரும் ரெண்டு பக்கமும் தனித்தனியா வரைய மாட்டாங்க சார்" என்றார் என்னிடம். ஆக, வேகனையும் மடித்து வெட்டிவிட்டார். ஏணி இரண்டு பக்கமும் வந்தது.

சங்கத்தின் இதழில் படத்தைப் போட்ட டாக்டர், தானாகவே 'இருபுறமும் நேரில் அளந்தது' என்று ஒரு வரி சேர்த்தார். முதல் வாரம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தையற்காரர் நினைத்தார். இரண்டாவது வாரம் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம் வேகன்களை உடைத்துவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் ஏணி இல்லை, மொட்டையாக இருந்தது. ஏழு வருடமாக அந்தப் படம் மேசை இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

4

இங்கே அவருடைய மனைவி வர வேண்டும். முதல் பிரதியில், "இந்தப் பொம்மை ரயிலைக் கட்டிக்கிட்டு..." என்று அவரைக் கத்த வைத்திருந்தேன். கதைகளில் மனைவிமார் அப்படித்தானே கத்துவார்கள்! பிறகு சந்தேகம் வந்தது. தையற்காரர் வேகனை மடித்ததைப் போல நான் அந்த அம்மாவை மடித்துக்கொண்டிருக்கிறேனோ? நேரில் போனேன். பக்கத்து மிஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. அறிவிப்பு வந்த வாரம் அவர்களுக்குள் நடந்த பேச்சைச் சொன்னார்:

"ஏங்க, கை நீளம் தப்பாப் போச்சுன்னா கஸ்டமர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிட்டுச் சொல்ற ஆளு. இதுல மட்டும் எதுக்குப் பயம்?"

"கஸ்டமர் திட்டிட்டுப் போயிடுவான்" என்றார் தையற்காரர். "இவங்க திட்ட மாட்டாங்க. பேசாம இருப்பாங்க. அதுக்கப்புறம் நான் எதை அளந்து சொன்னாலும், எனக்குத் தெரியாம இன்னொருத்தர் போய் அளந்து பாப்பாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

மனைவி மிஷினை நிறுத்தினார். "பாத்துட்டுப் போகட்டுமே. நீங்க என்ன, கோணலாவா அளக்கிறீங்க?"

(இந்த வரியை நான் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அவர் சொன்னதுதான்.)

5

எல்லாருக்கும் சொல்வதற்கு முன் ஒருவரிடம் மட்டும் சொல்லிப் பார்க்கலாம் என்று தையற்காரர் கிளம்பினார். சங்கத்தில் 'கொக்கி' என்று ஒரு பெரியவர். முப்பது வருடம் எண்ணெய் டெப்போவில் வேகன்களைக் கொக்கி மாட்டிச் சேர்த்தும் பிரித்தும் வேலை பார்த்தவர். அந்த வேகனில் உண்மையிலேயே ஏறியவர் அவர் ஒருவர்தான். போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, அரிசி அளவு மனித பொம்மைக்குச் சட்டை நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த டேங்கர்ல... அந்தப் பக்கம் ஏணி இருந்துச்சா?"

கொக்கி தலையைத் தூக்கவில்லை. "இல்ல மாஸ்டர்."

"அப்போ என்னோட படம்?"

"பாத்த அன்னைக்கே தெரியும்."

"பதினோரு வருஷமா ஏண்ணே சொல்லல?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "மேல மூடியைத் திறக்கணும்னா ஏறணும். நாங்க நிக்கிறது ஏணி இல்லாத பக்கம். முழு வண்டியையும் சுத்திப் போனா நேரமாகும், சூப்பர்வைசர் கத்துவாரு. அதனால ரெண்டு வேகனுக்கு நடுவுல பூந்து போவோம். அப்படிப் போனவன்தான் என் கூட்டாளி. வண்டி ஒரு அடி அசைஞ்சுது மாஸ்டர். ஒரே அடி."

தையற்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கமும் ஒரு ஏணி வைங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தோம். வைக்கல. அப்புறம் இங்க வந்தேன். உங்க படத்துல ஏணி இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். தப்புன்னு சொல்ல வாய் வரல."

"நான் சொல்லிடப் போறேண்ணே."

"சொன்னா எடுத்துருவாங்கல்ல?"

"எடுத்துருவாங்க."

கொக்கி தூரிகையை மறுபடி எடுத்து, வண்ணம் தொடாமலே பொம்மையின் மேல் தடவினார்.

இந்த இடத்தை எழுதும்போது இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். அதை மறைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனம் காட்ட எனக்கு மனமில்லை.

6

முடிவு, ஒன்று: கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இரண்டு பக்கமும் ஏணி வருகிறது, கொக்கிக்கு நிம்மதி. ஆனால் 'இருபுறமும் நேரில் அளந்தது' என்று கம்பெனி ஒவ்வொரு அட்டைப் பெட்டியின் மேலும் அச்சிடும்; அதை அவர் ஆயுசுக்கும் படிக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

முடிவு, இரண்டு: உண்மையைச் சொல்கிறார். ஏணி போய்விடுகிறது. வைக்க மாட்டோம் என்றவர்கள் நான்காவது முறையும் ஜெயிக்கிறார்கள். இதையும் விட்டுவிட்டேன்.

முடிவு, மூன்று: "திடீரென்று, யாரும் எதிர்பாராத ஒரு இடத்தில், உடைக்காமல் விடப்பட்ட ஒரே ஒரு வேகன் புதருக்குள்..."

வெட்கமாக இருந்தது. பேனாவை மூடினேன்.

7

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம், மேசையின் அந்தக் கோடியில் நின்று தையற்காரர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பயந்த மாதிரியே யாரும் பேசவில்லை. டாக்டர் மட்டும் முகம் சிவந்து, "இருபுறமும்னு எழுதினது நான்தான். உங்களை ஒரு வார்த்தை கேக்கவே இல்ல" என்றார். ஒருவர் மெதுவாக ஸ்கேலை எடுத்து, தையற்காரர் செய்துகொடுத்த பாலத்தை அளக்க ஆரம்பித்தார். எல்லாரும் பார்க்க அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அது வலித்தது. இன்னும் வலிக்கிறது என்றார்.

பிறகு கொக்கி எழுந்து தன் கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அளந்துகொண்டிருந்தவர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

தையற்காரருக்கு யோசனை தோன்றியது அப்போதுதான். குட்டி ரயில் வரும் அட்டைப் பெட்டிகளில் சில நுணுக்கமான பாகங்கள் ஒட்டாமல் தனியாக ஒரு சின்னப் பையில் வரும். குழாய், கைப்பிடி மாதிரி; வாங்குகிறவர்களே பசை வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"வண்டி எப்படி இருந்துச்சோ அப்படியே வரட்டும்" என்றார். "அந்தப் பக்கத்து ஏணியைப் பையில போடச் சொல்லுவோம். கூட ஒரு சீட்டும் வைக்கச் சொல்லுவோம்."

அந்தக் கடிதத்தைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். சீட்டுக்கான வாசகம் தையற்காரர் சொல்லச் சொல்ல எழுதியது: 'வரைந்தவர் அளந்தது ஒரு பக்கம்தான். மறுபக்கம் ஏணி இல்லை. வேலை செய்தவர்கள் மூன்று முறை கேட்டார்கள்.'

8

கம்பெனி பதில் போட்டுவிட்டது. ஏணி பையில் வரும், சீட்டும் வரும். வேகன் வர இன்னும் எட்டு மாதம் ஆகும்.

"பெட்டி வந்ததும் ஏணியை ஒட்டுவீங்களா?" என்று கொக்கியிடம் கேட்டேன். பதில் சொன்னார். அதை இங்கே எழுதினேன், படித்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். அது அவருடைய பெட்டிக்கான பதில். உங்களுடையதற்குச் செல்லாது.

எட்டு மாதம் கழிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஒரு விரல் நீள வேகன். ஒரு பக்கம் மொட்டை. பையில் ஒரு ஏணி, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் உயரம். ஒட்டினால் பொய். ஒட்டாவிட்டால் கொக்கியின் கூட்டாளி இரண்டு வேகனுக்கு நடுவே புகுந்துதான் போயாக வேண்டும்.

குச்சி முனையில் ஒரு சொட்டுப் பசை எடுத்துவிட்டீர்கள். அது சீக்கிரம் காய்ந்துவிடும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.